கடைக்குத் தூக்க முன்னர் கொப்பியை எடுங்கள்

நாமே பார்ப்போம் – மாதத் தொடர்



வேலை செய்துகொண்டிருக்கும்போதே கணினி திடீரென நின்றுபோகிறது. அல்லது தானாக அணைந்து மறுபடி தொடங்குகிறது. அல்லது திரை முழுவதும் ஒரே நிறமாகி, ஆங்கிலத்தில் ஏதோ எழுதிக் காட்டிவிட்டு உறைந்துபோகிறது. சங்கக் கூட்டங்களுக்குப் போகும் இடங்களில் எல்லாம் இதைப் பற்றித்தான் என்னிடம் கேட்கிறீர்கள். ஆகவே இந்த மாதம் இதையே எடுத்துக்கொள்வோம்.

நம்மில் பலருடைய வீட்டில் இருக்கும் கணினி புதிதாக வாங்கியது அல்ல. ஏதோ ஓர் அலுவலகம் பாவித்துக் கழித்ததை இரண்டாங் கையாக வாங்கியிருப்போம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டுப் பாடங்கள் இணையத்துக்கு வந்தபோது பிள்ளைக்காகக் கடன்பட்டு வாங்கியவர்களும் உண்டு. அதே பெட்டியில்தான் இன்று ஒரு சகோதரி ஊராருக்கு விண்ணப்பப் படிவங்களைத் தட்டச்சுச் செய்து கொடுக்கிறார். இன்னொருவர் சங்கத்தின் கடன் கணக்கை வைத்திருக்கிறார். வேறொருவர் தையல் ஓடர்களையும் அளவுகளையும் பதிந்து வைத்திருக்கிறார். கணினி நின்றால் அந்த வீட்டு அடுப்பும் ஒரு பக்கம் நின்றுபோகும்.

அந்த அவசரத்தில் என்ன செய்கிறோம்? பெட்டியை ஓட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோகிறோம். "என்ன செய்யுது?" என்று கேட்டால், "நிண்டு நிண்டு போகுது தம்பி" என்கிறோம். அதற்கு மேல் சொல்ல நம்மிடம் ஒன்றும் இல்லை. "மதர்போட் போட்டுது அக்கா, மாத்த வேணும்" என்று அவர் சொன்னால், இல்லை என்று சொல்லவும் நம்மிடம் ஒன்றும் இல்லை. திருத்துபவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர் அல்லர். நல்ல திருத்துநருக்கும் நோயைச் சொல்ல ஆள் வேண்டும். கடையில் கொண்டுபோய் வைத்ததும் ஒழுங்காக வேலை செய்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மறுபடி நிற்கும் கணினிகள் ஏராளம்.

நான் சொல்ல வருவது இதுதான். கணினி நின்றுபோவதற்கான வன்பொருட் காரணங்கள் பெரும்பாலும் ஐந்து: மின்சாரம், சூடு, நினைவகம், ஹாட் டிஸ்க், மதர்போட். ஒவ்வொன்றும் தனக்கென்று ஓர் அடையாளத்தைக் காட்டும். அந்த அடையாளத்தைப் பார்த்து எழுதிவைக்க ஆங்கிலமோ பட்டமோ தேவையில்லை. கிளினிக் கொப்பியில் பிறஷரையும் சீனியையும் திகதி போட்டு எழுதி வைத்திருக்கும் பெண்ணுக்கு இது புதிய வேலை அல்ல.

முதலில் பத்திரமாக்க வேண்டியது

பிழை தேட முன்னர் ஒரு வேலை இருக்கிறது. இடம்பெயர்ந்த காலங்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை தயாராக இருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ஒன்றிரண்டு படங்கள். ஷெல் சத்தம் கேட்டதும் முதலில் கைக்கு வந்தது அந்தப் பைதான். இன்று அந்தப் பைக்குள் இருந்தவை பல கணினிக்குள் இருக்கின்றன. மரணச் சான்றிதழின் பிரதி, காணி அனுமதிப் பத்திரத்தின் படம், காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கு அனுப்பிய கடிதங்கள், வீட்டுக்காரருடைய அல்லது பிள்ளையுடைய எஞ்சியிருக்கும் ஒரேயொரு படம். கணினிப் பெட்டிக்கு ஒரு விலை உண்டு; கடையில் இன்னொன்று வாங்கலாம். அந்தப் படத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

எனவே கணினி இரண்டாம் தடவை காரணமின்றி நின்ற அன்றே, அது வேலை செய்யும் நேரத்தில், முக்கியமானவற்றை ஒரு பென் டிரைவுக்குப் பிரதி செய்துவிடுங்கள். இன்னொரு பிரதியை நம்பிக்கையான வேறொரு வீட்டிலும் வைத்திருங்கள். ஒரே வீட்டில் இருக்கும் இரண்டு பிரதிகளும் ஒரே மழையில் நனையும். விண்டோஸ் தொடங்கவே மறுத்தாலும் மனம் உடைய வேண்டாம். உபுன்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச மென்பொருள்களை இன்னொரு கணினியில் ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, அதிலிருந்தே உங்கள் கணினியைத் தொடங்கலாம். டிஸ்க் உயிரோடு இருந்தால் கோப்புகளை அப்படியே எடுத்துவிடலாம். "நிறுவு" என்பதை மட்டும் அழுத்த வேண்டாம். நிறுவாமலே இயக்கிப் பார்க்கும் வழி அதில் உண்டு.

கொப்பியில் எழுத வேண்டியவை

ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும். கணினி நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஐந்து விடயங்களை எழுதுங்கள்.

1. திகதியும் நேரமும்.
2. தொடங்கி எவ்வளவு நேரத்தின் பின் நின்றது?
3. அப்போது கணினியில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?
4. எப்படி நின்றது? சட்டென்று இருண்டதா, உறைந்ததா, எழுத்துகளுடன் நிறத்திரை வந்ததா?
5. அந்த நேரத்தில் வீட்டில் வேறு என்ன நடந்தது? மோட்டர் போட்டார்களா, அயன் பண்ணினார்களா, மின்னல் இருந்ததா?

நிறத்திரை என்று சொன்னது பலரும் அறிந்த நீலத் திரையைத்தான். 2025ஆம் ஆண்டு வந்த மாற்றத்தின் பின்னர் விண்டோஸ் 11இல் அது கறுப்பாக வருகிறது. அதில் இருக்கும் வாசகத்தைக் கைத்தொலைபேசியால் படம் பிடித்துவிடுங்கள். அந்தப் படத்தைப் பார்க்கும் திருத்துநருக்குப் பாதி வேலை மிச்சம். கணினியும் தன் பாட்டில் ஒரு கொப்பி வைத்திருக்கிறது. விண்டோஸில் றிலையபிலிட்டி மொனிற்றர் என்று தேடினால் ஒரு கலண்டர் போல வரும். நின்றுபோன நாட்களில் சிவப்பு அடையாளம் இருக்கும். உங்கள் கொப்பியையும் அதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தப் பரிசோதனையிலும் ஒரு விதியைக் கைவிட வேண்டாம்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றிய பின் ஓரிரு நாட்கள் பாருங்கள். கறியில் உப்பையும் புளியையும் தூளையும் ஒரே நேரத்தில் கூட்டிக் குறைத்தால் எது பிழை என்று எப்படித் தெரியும்?

மின்சாரம்

கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் இரண்டு பிள்ளைகளுடன் தனியே குடும்பம் நடத்துபவர். தட்டச்சுத்தான் அவருடைய வருமானம். கணினி நின்று நின்று போனதால் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். மதர்போட் மாற்ற வேண்டும், 28,000 ரூபா முடியும் என்றார்கள். தாலிக்கொடியை அடகு வைக்கலாமா என்று என்னிடம் கேட்டார். அதற்கு முன்னர் கொப்பியை எழுதச் சொன்னேன். ஒன்பது நாட்களின் பின் தொலைபேசியில் எடுத்தார்.

"அக்கா, ஆறு தரம் நிண்டிருக்கு. அஞ்சு தரம் காலமை ஆறு மணிக்குக் கிட்ட. ஒருக்கா மட்டும் பின்னேரம்."

"காலமை ஆறு மணிக்கு வீட்டில என்ன நடக்கிறது?"

"தண்ணி மோட்டர் போடுறது."

"அந்தப் பின்னேரம்?"

சிறிது நேரம் சத்தமில்லை. "அண்டைக்குப் பயிருக்குத் தண்ணி விட்டனாங்கள் அக்கா."

நமது வீடுகளுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ற். மோட்டர் தொடங்கும் கணத்தில் அது வழமையை விடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். கம்பி மெல்லியதாகவோ இணைப்புத் தளர்ந்தோ இருந்தால் அந்தக் கணம் வோல்ற்றேஜ் விழும். மின்குமிழ் ஒரு தரம் மங்கி எரிவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை என்ற பெட்டி இத்தகைய ஒரு சிறு விழுக்காட்டைத் தாங்கும்படி செய்யப்பட்டது. நல்ல நிலையில் உள்ள ஒன்று சுமார் 16 மில்லி செக்கன் வரை, அதாவது கண் இமைப்பதற்கும் குறைந்த நேரம், மின்சாரம் இல்லாமலே கணினியைத் தாங்கிப்பிடிக்கும். பழசாகியதும் அதற்குள் இருக்கும் மின்கொள்ளளவிகள் காய்ந்து அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அப்போது குமிழ் மங்கினாலே கணினி நின்றுபோகும்.

அந்தச் சகோதரி முதலில் மோட்டர் ஓடும் நேரத்தில் கணினியைப் போடாமல் விட்டார். ஒரு கிழமை நிற்கவில்லை. பிறகு சங்கத்துக் கணினியின் பவர் சப்ளையை, வேலை தெரிந்த ஒரு தம்பியைக் கொண்டு இரண்டு நாட்களுக்கு மாற்றிப் போட்டுப் பார்த்தார். மோட்டரை வேண்டுமென்றே போட்டும் கணினி அசையவில்லை. பவர் சப்ளையை மட்டும் மாற்றினார். மதர்போட்டுக்குச் சொன்ன தொகையில் மிகச் சிறிய பங்குதான் முடிந்தது. தாலிக்கொடியும் வீட்டிலேயே இருந்தது.

எனவே, எந்த எழுத்தும் காட்டாமல் சட்டென்று இருண்டு நின்றால் முதலில் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். பிளக் ஆடுகிறதா, சூடாக இருக்கிறதா, கருகிய அடையாளம் உண்டா என்று பாருங்கள். ஒரே நீட்டு வயரில் பிறிட்ஜும் அயனும் கணினியும் இருந்தால் கணினியைத் தனிச் சொக்கெட்டுக்கு மாற்றுங்கள். கணினிக்குப் பின்னால் குத்தும் வயரையும் கழற்றி இறுக்கிக் குத்துங்கள். யூ.பி.எஸ். இருந்தால் அதைத் தவிர்த்து நேரே சுவரில் குத்தி ஒரு நாள் பாருங்கள். பற்றரி செத்த யூ.பி.எஸ். கூட கணினியை நிறுத்தும்.

2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை அறிவோம். 2025 பெப்ரவரி 9ஆந் திகதி நாடு முழுவதுமே மின்சாரம் நின்றது. மின்சாரம் போவதை விட அது திரும்பி வரும் கணம்தான் கணினிக்கு ஆபத்து. மின்சாரம் நின்றதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். வந்து பத்து நிமிடத்தின் பின் குத்துங்கள். இடி மின்னல் நேரத்திலும் அப்படியே. இணைய வயர் இருந்தால் அதையும் கழற்றுங்கள்.

விண்டோஸின் பதிவேட்டில் "கேர்னல் பவர் 41" என்று இருப்பதைக் காட்டி, இதுதான் பவர் சப்ளை பழுதானதற்குச் சாட்சி என்று சிலர் சொல்வார்கள். அது உண்மையல்ல. கடந்த தடவை கணினி ஒழுங்காக அணைக்கப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். சூட்டில் நின்றாலும் மின்வெட்டில் நின்றாலும் அதே 41தான் வரும்.

சூடு

தொடங்கியதும் நன்றாக வேலை செய்து, அரை மணி, ஒரு மணி நேரத்தின் பின் நிற்கிறதா? பிள்ளை காணொளி பார்க்கும்போது அல்லது விளையாடும்போது மட்டும் நிற்கிறதா? மத்தியானத்தில் அதிகமாகவும் இரவில் குறைவாகவும் நிற்கிறதா? அப்படியானால் சூடு.

கணினியின் மூளையான புறொசெசருக்கு மேல் ஓர் உலோகத் துண்டும் விசிறியும் இருக்கும். அவற்றில் தூசி அடைத்தால் சூடு வெளியேறாது. பல புறொசெசர்கள் 100 பாகை செல்சியஸை அண்மிக்கும்போது முதலில் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் மேலே போனால் தன்னைக் காப்பாற்றுவதற்காக முழுவதும் அணைந்துவிடும். அதாவது இங்கே நின்றுபோவது பழுது அல்ல, பாதுகாப்பு. புழுதி வீதியோரத்து வீடுகளில் ஓர் ஆண்டிலேயே விசிறி சாம்பல் நிறக் கம்பளி போர்த்தது போல ஆகிவிடும்.

துப்புரவாக்கும் முறை இதுதான். கணினியை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பிறகு தொடக்கும் பொத்தானைச் சில செக்கன் அழுத்துங்கள். மீதி மின்சாரம் இறங்கும். வளையலைக் கழற்றி, கூந்தலை முடிந்து, சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ளுங்கள். பக்கத் தகட்டைத் திறந்து, பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியை ஒரு தரம் தொடுங்கள். நமது உடம்பில் உள்ள நிலைமின் அதனால் இறங்கும். இல்லையேல் அது உள்ளே இருக்கும் சில்லுகளைத் தாக்கும். காய்ந்த புதுப் பெயின்ற் பிறஷ் ஒன்றால் தூசியைத் தட்டுங்கள். விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரத் துணி கூடவே கூடாது. எறும்புக் கூடு, செத்த பல்லி இருந்தால் மெதுவாக எடுங்கள். நமது வீடுகளில் மதர்போட்டை எரிக்கும் எதிரிகளில் பல்லியும் ஒன்று. பின்னர் கணினியைப் போட்டு, விசிறி தடையின்றிச் சுழல்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

துப்புரவாக்கியும் சூடு குறையாவிட்டால், புறொசெசருக்கும் உலோகத் துண்டுக்கும் இடையில் உள்ள வெப்பப் பசை காய்ந்திருக்கலாம். அதை மாற்றுவது கடையில் சிறிய வேலை. பெரிய தொகை கேட்டால் யோசியுங்கள்.

மடிக்கணினி வைத்திருப்போருக்கு ஒரு சொல். மெத்தையிலும் தலையணையிலும் வைத்துப் பாவிக்க வேண்டாம். காற்றுத் துளை அடைபடும். அடிப்பக்கம் வீங்கியோ விசைப்பலகை மேலே எழும்பியோ இருந்தால் பற்றரி வீங்கிவிட்டது என்று பொருள். அன்றே பாவனையை நிறுத்துங்கள். குத்துவதோ அமர்த்துவதோ தீயில் முடியும்.

நினைவகம்

றாம் என்று கடையில் சொல்லும் நினைவகம் ஒரு சிறு நீள்பட்டி. இது பழுதானால் நடத்தைக்கு ஒழுங்கு இருக்காது. இன்று தட்டச்சில், நாளை இணையத்தில், மறுநாள் ஒன்றும் செய்யாமலே நிற்கும். நிறத்திரையின் வாசகமும் ஒவ்வொரு தடவையும் மாறும். சில வேளைகளில் தொடங்கவே மறுத்து, பீப் பீப் என்று ஒலி எழுப்பும்.

இங்கே செலவில்லாத வைத்தியம் ஒன்று முதலில் உண்டு. மேலே சொன்னபடி மின்சாரத்தைக் கழற்றி, பட்டியின் இரு முனையிலும் (சிலவற்றில் ஒரு முனையில் மட்டும்) உள்ள கொழுக்கியைத் தள்ளி, பட்டியை வெளியே எடுங்கள். பொன்னிறப் பற்களைக் கையால் தொட வேண்டாம். பிள்ளையின் வெள்ளை அழிறப்பரால் அவற்றை மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, வெட்டு சரியாகப் பொருந்தும்படி வைத்து, கொழுக்கி "டக்" என்று விழும்வரை அமர்த்துங்கள். முல்லைத்தீவு, மன்னார் போன்ற கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் இந்தப் பற்களில் படலம் பிடிப்பது வழமை. இந்த ஒரு வேலையாலேயே எழும்பிய கணினிகளை நான் கண்டிருக்கிறேன்.

இரண்டு பட்டிகள் இருந்தால் ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள், மற்றதைக் கழற்றி வைத்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். எந்தப் பட்டியுடன் நிற்கிறது என்பது தானாகத் தெரியும்.

பரிசோதிக்க மென்பொருளும் இலவசமாக உண்டு. விண்டோஸ் மெமரி டயக்னொஸ்டிக் கணினியிலேயே இருக்கிறது; தேடும் இடத்தில் மெமரி என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும். இதைவிடக் கடுமையாகச் சோதிப்பது மெம்டெஸ்ட்86+. அதை பென் டிரைவில் ஏற்றி, இரவு படுக்கப்போகும்போது ஓடவிட்டு, காலையில் பாருங்கள். சிவப்பில் ஒரேயொரு பிழை காட்டினாலும் அது பிழைதான். "ஒண்டுதானே" என்று விடக்கூடாது. புதிய பட்டி வாங்கும்போது பழைய பட்டியைக் கையில் கொண்டுபோங்கள். டி.டி.ஆர். 3 இருந்த இடத்தில் டி.டி.ஆர். 4 பொருந்தாது, வெட்டு வேறு இடத்தில் இருக்கும்.

ஹாட் டிஸ்க்

கணினி நிற்காமல் இழுபட்டு இழுபட்டு ஓடுகிறதா? ஒரு கோப்பைத் திறந்தால் நிமிடக்கணக்கில் உறைகிறதா? தொடங்கும்போது டிஸ்க்கைக் காணவில்லை என்று சொல்கிறதா? "டிக், டிக்" என்று உள்ளிருந்து சத்தம் வருகிறதா? அப்படியானால் டிஸ்க்.

டிக் சத்தம் கேட்டால் வேறு ஒரு சோதனையும் வேண்டாம். ஓடும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே இருப்பவற்றைத் தின்கிறது. முக்கியமானவை இன்னும் பிரதி செய்யப்படவில்லை என்றால் அதை மட்டும் முதலில் எடுங்கள்; எடுக்க முடியாவிட்டால் அணைத்து வைத்துவிட்டு அனுபவமுள்ள ஒருவரிடம் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் திறந்து பார்க்க ஒருவரையும் விட வேண்டாம். ஒரு தூசி விழுந்தாலே உள்ளிருக்கும் தட்டுக் கீறிவிடும். சத்தமில்லாத புதிய வகை எஸ்.எஸ்.டி. டிஸ்க்குகள் முன்னறிவித்தல் இன்றியே ஒரு நாள் காணாமற் போய்விடும். அவற்றுக்குப் பிரதி இன்னும் அவசியம்.

சத்தம் இல்லையென்றால் க்றிஸ்ரல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் பாவியுங்கள். டிஸ்க் தன்னுடைய உடல்நிலையைத் தானே பதிந்து வைத்திருக்கிறது. இது அதை வாசித்து நிறத்தால் காட்டும். நீலம் நலம், மஞ்சள் எச்சரிக்கை, சிவப்பு ஆபத்து. மஞ்சள் என்றால் பிரதி எடுத்துவிட்டு, டிஸ்க் மாற்றக் காசு சேர்க்கத் தொடங்குங்கள். ஆனால் நீலம் காட்டினாலும் டிஸ்க் சாகலாம் என்பதை மறக்க வேண்டாம்.

டிஸ்க்கை மதர்போட்டுடன் இணைக்கும் சாட்டா வயர் தளர்ந்தாலும் இதே அடையாளங்கள் வரும். அதைக் கழற்றி இறுக்கிக் குத்திப் பாருங்கள், அல்லது மாற்றிப் பாருங்கள். டிஸ்க் விலைக்கு முன் அந்த வயரின் விலை ஒன்றுமே இல்லை.

மதர்போட்

மேற்சொன்ன நான்கையும் பார்த்த பின்தான் இங்கே வரவேண்டும். கடையில் முதல் வார்த்தையாக வருவது நமது கொப்பியில் கடைசி வார்த்தையாக இருக்கட்டும்.

மதர்போட்டில் சிறு உருளை வடிவ மின்கொள்ளளவிகள் நிற்கும். அவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். ஒன்றேனும் வடை போல உப்பியிருந்தால், அல்லது அடியில் கபில நிறக் கசிவு இருந்தால், அது பழுது. 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் தரங்குறைந்த மின்கொள்ளளவிகளால் உலகெங்கும் பல மதர்போட்டுகள் இப்படி வீங்கின. பழைய கணினிகளில் இன்றும் காணலாம். அவற்றை மட்டும் மாற்றி ஈயம் வைத்துத் தரும் திருத்துநர்கள் இருக்கிறார்கள். முழுப் பலகையையும் மாற்றத் தேவையில்லாமற் போகலாம்.

ஒவ்வொரு தடவையும் திகதி பழைய ஆண்டுக்குப் போகிறது என்றால் பயப்பட வேண்டாம். நாணயம் போன்ற சிறு பற்றரி முடிந்துவிட்டது. பெரும்பாலான கணினிகளில் அதன் இலக்கம் 2032. மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.

வன்பொருளா, விண்டோஸா?

இந்தச் சந்தேகம் கடைசிவரை இருக்கும். தீர்க்கும் வழி எளியது. முன்னர் சொன்ன லினக்ஸ் பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி இரண்டு மூன்று மணித்தியாலம் வேலை செய்யுங்கள். அதிலும் நின்றால் பழுது வன்பொருளில்தான். விண்டோஸை மறுபடி ஏற்றிப் பலனில்லை. அதில் நிற்காமல் விண்டோஸில் மட்டும் நின்றால் மென்பொருளையோ டிஸ்க்கையோ சந்தேகிக்கலாம்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 ஒக்ரோபர் 14ஆந் திகதியுடன் முடிந்தது. அதைச் சொல்லி, கணினி நிற்பதற்கு அதுதான் காரணம், புதியது வாங்குங்கள் என்று சொல்வோர் உண்டு. ஆதரவு முடிந்ததால் வைரஸ் போன்றவற்றிலிருந்து பாதுகாப்புக் குறையும் என்பது உண்மை. கணினி சட்டென்று இருண்டு நிற்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை.

செய்யக்கூடாதவை

பவர் சப்ளைப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பின்னும் அதற்குள் ஆளைத் தூக்கி எறியும் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய பெட்டி வடிவ மொனிற்றரும் அப்படியே. ஈரக் கையுடன், வெறுங் காலுடன் வேலை செய்ய வேண்டாம். சிறு பிள்ளைகளை அருகில் விட வேண்டாம்.

கடைக்குப் போகும்போது

இவ்வளவும் பார்த்த பின்னும் கடைக்குப் போக வேண்டி வரலாம். அதில் தோல்வி ஒன்றும் இல்லை. ஆனால் கொப்பியுடன் போங்கள். "ஒன்பது நாளில் ஆறு தரம் நின்றது, எழுத்து ஒன்றும் காட்டவில்லை, றாமை மாற்றிப் பார்த்தாயிற்று, லினக்ஸிலும் நிற்கிறது" என்று சொல்லும் பெண்ணிடம் கதைக்கும் விதமே வேறு.

நான்கு விடயங்களைக் கேளுங்கள். எது பழுது என்று எப்படிக் கண்டீர்கள்? என்ன முடியும் என்று எழுதித் தருவீர்களா? கழற்றிய பழைய சாமானைத் திருப்பித் தருவீர்களா? என்னைக் கேட்காமல் டிஸ்க்கை அழிக்க மாட்டீர்கள்தானே? இந்தக் கேள்விகளை முகம் சுளிக்காமல் ஏற்பவரே நல்ல திருத்துநர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நமது படங்கள், பெண் பிள்ளைகளின் படங்கள், வழக்குக் கடிதங்கள் எல்லாம் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. பழுது மின்சாரத்திலோ விசிறியிலோ என்றால் கடைக்கு டிஸ்க் தேவையில்லை. கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கழற்றத் தெரியாவிட்டால் கடையிலேயே உங்கள் கண்முன் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அது சந்தேகம் அல்ல, உங்கள் உரிமை.

ஒவ்வொரு சங்கத்திலும் இதில் ஆர்வமுள்ள ஒரு பெண்ணாவது இருப்பார். அவருக்கு ஒரு ஸ்குறூ டிரைவரும், சோதனை மென்பொருள் ஏற்றிய ஒரு பென் டிரைவும், மாற்றிப் போட்டுப் பார்க்க ஒரு நல்ல பவர் சப்ளையும் சங்கம் வாங்கிக் கொடுத்தால் ஊருக்கே உதவும். முறையாகக் கற்க விரும்பும் பிள்ளைகள், தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் கணினி வன்பொருள் பயிற்சி பற்றி விசாரிக்கலாம். இது ஆண்களின் வேலை என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். கிணறு இறைத்ததும், கூரை வேய்ந்ததும், வங்கிக்கும் கச்சேரிக்கும் தனியே ஏறி இறங்கியதும் ஒரு காலத்தில் ஆண்களின் வேலைகள்தான். அவற்றை எல்லாம் நாம் செய்துதான் இங்கே வந்து நிற்கிறோம்.

இன்றே ஒரு கொப்பியை எடுத்து, முதற் பக்கத்தில் அந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் வையுங்கள். கணினி நன்றாக ஓடும் வீட்டிலும் வையுங்கள். அதற்கு முன் அந்தப் படங்களுக்கு ஒரு பிரதி எடுங்கள். அடுத்த மாதம், கைத்தொலைபேசியில் உள்ள படங்களையும் கடிதங்களையும் தொலையாமல் பத்திரப்படுத்துவது எப்படி என்று பார்ப்போம்.